ஒன்பது செம்பருத்திக் குச்சிகள்

மருதக்காவின் தோட்டத்தில் கேள்வி கேட்டால் பதில் கிடைக்காது. குச்சிதான் கிடைக்கும். அதைத் தொட்டியில் நட்டு, வேர் பிடித்ததும் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து காட்ட வேண்டும். அன்றைக்குத்தான் பதில்.

பாதிப் பேருக்கு வேர் பிடிப்பதற்குள் கேள்வி தீர்ந்துவிடும். மீதிப் பேருக்கு மறந்துவிடும். "சாமியாரம்மா கெட்டிக்காரிதான்" என்று டீக்கடையில் சிரிப்பார்கள்.

தோட்டம் சிறுமலை அடிவாரத்தில் இருந்தது. அதை உண்டாக்கிய துறவி இறந்தபோது, அவர் எடுத்து வளர்த்த மருதாயியின் தலையில் தோட்டமும் விழுந்தது, ஊரார் கேள்விகளும் விழுந்தன. அவளுக்கு இப்போது இருபத்தெட்டு வயது. ஆனாலும் எல்லாருக்கும் அக்கா. நாலு வருஷமாக அங்கே சீடராக இருக்கும் இருதயத்துக்கு அறுபத்திரண்டு வயது. ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஆடி மாதம் ஒரு காலையில் ஜெசிந்தா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"இவ பேசுவாளா?"

அமலிக்கு ரெண்டே முக்கால் வயது. இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, நாக்கில் குறையில்லை என்று திண்டுக்கல் டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். வாரம் ஒரு நாள் பேச்சுப் பயிற்சிக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் வசம்பு தடவியாயிற்று. கோயில் மணியில் ஊற்றிய தண்ணீர் கொடுத்தாயிற்று. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. திருப்பூரில் வேலை பார்க்கும் புருஷன் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் "பேசினாளா?" என்றுதான் கேட்பான். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள், "எல்லாப் பிள்ளையும் தானாப் பேசுது, இதுக்கு என்ன வந்துச்சு?" என்றாள். அன்றிலிருந்து ஜெசிந்தாவுக்குத் தூக்கம் இல்லை.

மருதக்கா அமலியைப் பார்த்தாள். அமலியும் பார்த்தாள். பிறகு அக்கா எழுந்து போய் செம்பருத்திச் செடியில் ஒன்பது குச்சிகள் வெட்டிக்கொண்டு வந்தாள்.

"எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்றார் இருதயம்.

"ஒண்ணு குடுத்தா அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

"இப்ப ஒம்பதையும் பார்த்துக்கிட்டு உக்காரப் போறாங்க."

அக்கா சிரித்துவிட்டாள். "ஒண்ணு பிடிச்சாப் போதும்" என்றாள் ஜெசிந்தாவிடம். "கொண்டு வந்து காட்டுங்க. சொல்றேன்."

கீழ் இலைகளைக் கிள்ளி, அடிக் கணுவுக்குக் கீழே சாய்வாகச் சீவி, மேல் நுனியில் பசுஞ்சாணி வைத்து மூடி, மணல் கலந்த செம்மண்ணில் ஒவ்வொன்றாக நட்டார்கள். எப்படிச் செய்வது என்று இருதயம்தான் காட்டிக் கொடுத்தார். வேப்பமரத்துக்குக் கீழே மண் தொட்டிகள் வரிசையாக நின்றன.

"கவலைப்படாதம்மா" என்றார் அவர். "செம்பருத்தி எங்க குத்தினாலும் வரும்."

எல்லாரிடமும் தானாக வருவது, தன்னிடம் மட்டும் வராமல் நிற்பது எப்படி இருக்கும் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும்.

மறுநாளிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். தோட்டத்தில் மண் சலிப்பாள், தண்ணீர் சுமப்பாள், நடுநடுவே ஓடிப்போய்த் தொட்டிகளைப் பார்ப்பாள். அமலி சேற்றில் கிடப்பாள்.

இருதயமும் ஒரு கேள்வி கேட்டுக் குச்சி வாங்கியிருந்தார். அவருடைய ஒற்றைத் தொட்டி பாறைமேல் வெயிலில் இருந்தது.

"அதை வெயிலில வைக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"அக்காதான்."

"என்னை நிழல்ல வைக்கச் சொன்னாங்களே."

"அது உன் குச்சி."

"ரெண்டும் ஒரே செடியில வெட்டினதுதானே?"

"அதை அவங்ககிட்ட கேளும்மா. ஆனா கேட்டா இன்னொரு குச்சி குடுத்துருவாங்க."

கேட்கவில்லை. நாலு தொட்டியை வெயிலுக்குத் தூக்கிப்போனாள். மறுநாள் பயமாக இருந்தது. ரெண்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள். எது எங்கே இருந்தது என்று பிறகு அவளுக்கே குழம்பிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் மூன்றாவது தொட்டியில் துளிர் வந்தது. ரெண்டு நாளில் விரல்நுனி அகலத்துக்கு இலை விட்டது. ஜெசிந்தா தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினாள்.

"பிடிச்சிருச்சு. சொல்லுங்க."

அக்கா ரெண்டு விரலால் குச்சியைப் பிடித்து லேசாகத் தூக்கினாள். ஸ்டாண்டிலிருந்து ஊதுபத்தியை எடுக்கிற மாதிரி வந்துவிட்டது. அடியில் ஒன்றும் இல்லை.

"இலை வந்திருக்கே" என்றாள் ஜெசிந்தா.

"குச்சிக்குள்ள இருக்கிற சத்துல வந்த இலை. அது தீர்ற வரைக்கும் இருக்கும்."

"அப்ப இது உயிர் இல்லையா?"

"உயிர்தான்."

"செத்துப் போகுமா?"

"போகலாம்."

"எதை நம்புறதுன்னே தெரியலையே எனக்கு. இலை வந்தா வேர் இல்லைங்கிறீங்க. இலை வராம நிக்கிறதும் செத்துத்தானே இருக்கு."

"அதுவும் தெரியாது" என்றாள் அக்கா. குச்சியைத் திரும்பவும் மண்ணில் செருகிக் கொடுத்தாள்.

அதன் பிறகு ஜெசிந்தா இலையை நம்பவில்லை. தினம் காலையில் ஒவ்வொரு குச்சியாகத் தொட்டு இழுத்துப் பார்த்தாள். லேசாகத்தான். அக்காவிடம் வந்து கேட்டதற்கு, "இழுத்துப் பார்க்கணும்னா பாருங்க" என்றாள். அன்று மாலை இருதயம், "என்னைத் தொடவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்றார். அவர்களில் யார் பொய் சொல்கிறார்கள் என்று பஸ்ஸில் போகும் வழி முழுக்க யோசித்தாள்.

ரெண்டு குச்சிகள் அழுகின. ஒன்றின் அடியில் வெள்ளையாகச் சின்னப் பரு மாதிரி ஏதோ கிளம்பியிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப நட்டாள், மறுநாளும் எடுத்துப் பார்த்தாள், நாலாம் நாள் அது உதிர்ந்துபோயிருந்தது.

ஒன்பதாவது குச்சி எதற்கும் லாயக்கில்லாமல் நின்றது. இருந்த இலையும் விழுந்து, நுனி கறுத்துவிட்டது. துவைக்கிற கல்லுக்குப் பின்னால், பழைய தொட்டிகளைப் போடுகிற இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மத்தியானங்களில் அமலியை மடியில் உட்காரவைத்து, மோவாயைப் பிடித்து நிமிர்த்துவாள்.

"பூ. சொல்லு. பூ."

அமலி அவள் உதடுகளைக் கூர்ந்து பார்ப்பாள்.

"பூ."

அமலி ஒரு விரலை நீட்டி அம்மாவின் கீழுதட்டைத் தொடுவாள்.

"விளையாடாதே. சொல்லு. சொன்னாத்தான் இறக்கி விடுவேன்."

ஒருநாள் அக்கா அந்தப் பக்கம் கூடையோடு போனவள் நின்றாள். நின்றது போதும் ஜெசிந்தாவுக்கு.

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள். "பெத்துப் பார்த்தாத் தெரியும். ராத்திரி எந்திரிச்சு அது வாய்கிட்ட காதை வச்சுப் படுத்திருக்கேன். தூக்கத்துல உளறினாக்கூடப் போதும்னு. உங்களுக்குக் குச்சிதான் தெரியும்."

"ஆமா" என்றாள் அக்கா. "பெத்தது இல்லை. தெரியாது."

கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சண்டைக்கு இழுத்தவளுக்குச் சண்டை கிடைக்கவில்லை. ஜெசிந்தா மோவாயைப் பிடித்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அக்கா கோபித்துக்கொண்டாளா, மன்னித்தாளா, ஒத்துக்கொண்டாளா என்று அவளுக்கு விளங்கவில்லை.

புரட்டாசியில் ஒரு காலை அவள் சீக்கிரமே வந்துவிட்டாள். பாறைக்குப் பக்கத்தில் இருதயம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. கையில் குச்சி. அதன் அடியில் சேமியாக் கற்றை மாதிரி வெள்ளை வெள்ளையாக வேர். அவர் கத்தரியை எடுத்து அதை நறுக்கப் போனார்.

"என்ன பண்றீங்க?"

இருதயம் திடுக்கிட்டார். டிக்கெட் இல்லாமல் பிடிபட்ட ஆள் மாதிரி முழித்தார்.

"சத்தம் போடாதம்மா."

"பிடிச்ச வேரை யாராவது வெட்டுவாங்களா?"

"நாலு வருஷமா வெட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு மட்டும் எங்க வச்சாலும் பிடிச்சுத் தொலையுது." கத்தரியைக் கீழே வைத்தார். "பதில் தெரிஞ்சுட்டா வீட்டுக்குப் போகணும்ல. போய் மகன்கிட்ட அதைச் சொல்லணும். எனக்குத் தைரியம் இல்லை."

"அப்ப எதுக்குக் கேட்டீங்க?"

"கேக்காம இருக்கவும் முடியலையே."

ரெண்டு பேரும் அந்த வேரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தாவுக்கு வேர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"ஒண்ணு செய்" என்றார் இருதயம். "இதை நட்டுத் தர்றேன். உன்னுதுன்னு கொண்டுபோய்க் காட்டு. உனக்கும் பதில் கிடைக்கும், எனக்கும் இதைக் கொல்ற பாவம் இல்லை."

தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் கை நீண்டுவிட்டது. ஒரு வாரம் கழித்து, குச்சி மண்ணில் உறுதியாக நின்றதும், தொட்டியை எடுத்துப் போய் அக்காவின் முன்னால் வைத்தாள்.

அக்கா குச்சியைத் தொட்டாள். அசையவில்லை. ரெண்டாவது தடவை இழுத்துப் பார்க்கவில்லை.

"நல்லாப் பிடிச்சிருக்கு" என்றாள். "இருதயம் ஐயா கேள்விக்கு உண்டான பதிலைச் சொல்லட்டுமா?"

பின்னால் பாறையிலிருந்து, "வேண்டாம், வேண்டாம்" என்று அவசரமாக ஒரு குரல் வந்தது.

ஜெசிந்தா முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என்கிட்ட இருந்த எல்லாம் போச்சு அக்கா. இழுத்து இழுத்துப் பார்த்தே எட்டையும் கொன்னுட்டேன். ஒம்பதாவது தானாச் செத்துச்சு. அடுத்த மாசம் இவளுக்கு மூணு முடியுது. இவ அப்பா வர்றேன்னிருக்காரு. வந்து என்னைத்தான் பார்ப்பாரு."

"இன்னொரு குச்சி தரட்டுமா?"

"எனக்கு வராது."

"தரட்டுமா, வேண்டாமா?"

"தாங்க" என்றாள்.

குச்சியைக் கையில் வாங்கிக்கொண்டு, காலித் தொட்டி தேடித் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போனாள். துவைத்த தண்ணீர் ஓடி அந்த இடம் எப்போதும் ஈரமாகவே இருக்கும். பழைய தொட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவளுடைய ஒன்பதாவது தொட்டி தனியாக இருந்தது. கறுத்த குச்சி அப்படியே நின்றது. அதைத் தட்டிவிட்டு மண்ணை மாற்றிக்கொள்ளலாம் என்று தொட்டியின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினாள்.

வரவில்லை.

சேற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். ரெண்டு கையாலும் பிடித்து அசைத்தாள். அடியிலிருந்து நரம்பு தெறிக்கிற மாதிரி மெல்லிய சத்தம் வந்தது. கையை எடுத்துவிட்டு, கன்னம் தரையில் படக் குனிந்து பார்த்தாள். தொட்டி ஒரு பக்கம் கொஞ்சம் எழும்பியிருந்தது. அந்த இடுக்கில், அடித்துளையிலிருந்து வேர் இறங்கித் தரைக்குள் போயிருந்தது. ஒன்று இல்லை. நாலைந்து. ஒன்று அறுந்து தொங்கியது.

நிமிர்ந்து குச்சியைப் பார்த்தாள். மேலே கறுப்புத்தான். கீழ்க் கணுவில் கடுகளவு சிவப்பாக ஏதோ இருந்தது. அழுக்கா, மொட்டா என்று தெரியவில்லை. அவள் விரல் அதைச் சுரண்டிப் பார்க்கப் போனது. தடுத்துக்கொண்டாள்.

வேர் பிடித்திருக்கிறது. தன் குச்சி. தன் கேள்வி.

ஆனால் தொட்டியோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அக்கா இருபது அடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு வேரில் கீழே போனது அறுந்தால் என்ன, தொட்டிக்குள் கொஞ்சமாவது மிச்சம் இருக்காதா? இருக்காமல் போனால்? போனாலும் பதில் கிடைத்துவிடும். ரெண்டு மாதத்துக்கு மேல் காத்த பதில். தொட்டியை ரெண்டு கையாலும் இறுகப் பிடித்தாள்.

அவள் கைகள்மேல் ரெண்டு சின்னக் கைகள் வந்து உட்கார்ந்தன. சேறும் குளிர்ச்சியுமாக. அமலி எதிரில் மண்டிபோட்டிருந்தாள். அம்மாவின் கைகளைக் கீழே அழுத்தினாள்.

"விடு அமலி. அம்மா எடுக்கணும்."

தூக்கினாள். அமலி மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை உடம்பு முழுவதையும் அந்தக் கைகளில் போட்டு அழுத்தினாள். அவள் தொட்டியைப் பார்க்கவில்லை. அம்மாவின் கண்ணையே பார்த்தாள். நெற்றி சுருங்கியிருந்தது. தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு தடவை ஆடியது.

ஜெசிந்தா எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. விரல்கள் தாமாகத் தளர்ந்தன. அமலி கையை எடுத்துக்கொண்டு, எழும்பியிருந்த பக்கத்தை ஈர மண்ணால் அணைத்துத் தட்டிவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஜெசிந்தா எழுந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, தொட்டி இல்லாமல் அக்காவின் முன்னால் போய் நின்றாள். புதுக் குச்சியை எங்கே போட்டாள் என்று ஞாபகம் இல்லை.

"பிடிச்சிருக்கு" என்றாள். "ஒம்பதாவது."

"நிஜமாவா?"

"நிஜமா."

"சரி. கேளுங்க."

தொட்டி எங்கே என்று அக்கா கேட்கவில்லை. அதற்காகத் தயார்செய்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வீணாகிப் போயின. ஜெசிந்தா தடுமாறினாள்.

"இவ பேசுவாளா?"

"தெரியாது" என்றாள் மருதக்கா.

முதலில் ஜெசிந்தாவுக்கு அது காதில் விழுந்ததாகவே தோன்றவில்லை. பிறகு விழுந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"இதுக்காகவா இத்தனை நாள்?"

"ஆமா."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா தெரிஞ்சவங்களைத் தேடிப் போயிருப்பீங்க."

இருதயம் தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டு அங்கேயே நின்றார். அக்கா சல்லடையைத் தட்டினாள். மண் சரசரவென்று இறங்கியது. அமலி அதன் கீழே கையை நீட்டி, விழுகிற மண்ணை உள்ளங்கையில் வாங்கினாள்.

"தொட்டி எங்க?" என்றாள் அக்கா, சலித்துக்கொண்டே.

"துவைக்கிற கல்லுக்குப் பின்னால. வேர் துளை வழியாத் தரையில இறங்கிருச்சு."

"அறுத்து எடுத்துட்டு வந்திருக்கலாமே. கொண்டாந்து காட்டணும்னுதானே பேச்சு."

"அறுக்கத்தான் போனேன்" என்றாள் ஜெசிந்தா. "இவதான் வேண்டாம்னு சொல்லிட்டா."

சல்லடை நின்றது.

"யாரு?" என்றாள் மருதக்கா.

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை.